ட்ரங்குப் பெட்டியைத் திறக்கும் முன்: ஊர் ஆவண அறை தொடங்குகிறவர்களுக்கு

பள்ளிக்கூடத்துக்கு நூறாவது ஆண்டு வருகிறது, பழைய படங்களை எல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். அல்லது கிளை நூலகத்தின் பின்னறை காலியாகக் கிடக்கும், அதை ஊர் வரலாற்று அறையாக மாற்றலாம் என்று பேச்சு வரும். நம் ஊர்களில் ஆவண வேலை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அருங்காட்சியகவியல் படித்தவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், கேமரா வைத்திருக்கும் ஒரு தம்பி, அவ்வளவுதான் ஆள் பலம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி உள்ளே வந்தவன்தான். படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கெடுத்துத் தெரிந்துகொண்டது அதிகம்.

வேலைக்குள் போகும் முன் ஒரு விஷயம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கீறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அங்கே எடுத்த ஒரு கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னதும் தெரியும். அந்த மாதிரி 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்கே குறித்து வைத்ததால்தான் அந்தக் கரித்துண்டு பேசியது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது அடுப்புக் கரி. நம் ஊரில் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் கல்யாணப் படத்துக்கும் இதே கதைதான். கொடுப்பவர் வாசலில் நின்று சொல்லும் நாலு வாக்கியம்தான் அந்தப் படத்தின் ஆழம். அதை எழுதாமல் விட்டால் உங்களிடம் இருப்பது அட்டை.

எதை வாங்குவது, எதை வேண்டாம் என்பது

செய்தி பரவியதும் சாமான் வந்து குவியும். ஓட்டை அண்டா, ஆட்டுரல், வால்வு ரேடியோ, கால் உடைந்த ஊஞ்சல் பலகை. வாங்காவிட்டால் மனசு கோணும் என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் அந்த அறை குடோன் ஆகிவிடும். எங்கள் அறையில் ஒரு காலத்தில் ஒன்பது ஆட்டுரல் இருந்தது. யாருடையது எது என்று இன்றைக்கும் தெரியாது.

அதனால் முதல் நாளே ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வையுங்கள்: எந்த ஊர், எந்தக் காலம், எந்த வகை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் இரண்டு வருடம் தாள், படம், குரல் இந்த மூன்றோடு நில்லுங்கள். இடம் குறைவு, செலவு குறைவு, கிடைப்பதும் நிறைய. தாள் என்றால் பத்திரமும் கடிதமும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் இருந்தன. அவர் 1992-ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994-லிருந்து அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததை அவர் எடுத்து வைத்தார். ரேஷன் அட்டை, பேருந்துச் சீட்டு, பால் சொசைட்டி பாஸ்புக், தேர்தல் துண்டறிக்கை, ஜவுளிக்கடை காலண்டர் எல்லாம் உங்கள் அறைக்கு உரியவைதான்.

சிலை, செப்பேடு, பழைய காசுக் குவியல் என்று யாராவது கொண்டுவந்தால் கையில் வாங்காதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. இது போக 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருடமே போதும். கொண்டுவந்தவரைத் தாசில்தார் அலுவலகத்துக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். நல்லெண்ணத்தில் பீரோவில் பூட்டி வைத்தேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

பொருள் வாசலுக்கு வரும்போது

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான அரை மணி நேரம். பொருளைப் பார்க்காதீர்கள், கொண்டுவந்தவரைப் பாருங்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பென்சிலை எடுங்கள். பேனா வேண்டாம். ஆவணம் இருக்கும் மேஜைக்குப் பேனா வரவே கூடாது. மை சிந்தினால் போகாது. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமானாலும் வேறெந்த நல்ல ஆவண அறையானாலும் பென்சில்தான் வழக்கம்.

சென்ற வருடம் ஒரு அம்மா பழைய மொய் நோட்டு ஒன்று கொண்டுவந்தார். 1958-ல் நடந்த அவருடைய மாமனார் வீட்டுக் கல்யாணத்தின் மொய். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு, அட்டை மூலையில் மஞ்சள் கறை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ‘லாபம்’ என்ற சொல். அப்புறம் வரிசையாகப் பெயர், தெரு, தொகை. தையற்கடைக்காரர் ரூ. 2. கொழும்பு மாமா ரூ. 25. கீழத்தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் எட்டணா. ஒரு வரியில் தொகைக்குப் பதில் ‘தேங்காய் 20’. எங்கள் குழுவில் இருந்த பிள்ளைகள் அதற்குள் குஷியாகி, கொழும்புக்குப் போன குடும்பங்களைப் பட்டியல் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கவனித்தது வேறு. பல பெயர்களுக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு புள்ளி இருந்தது. மைக்கறை என்றுதான் நினைத்தேன். கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். அவர் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் வீட்டு விசேஷத்துக்காவது திருப்பி மொய் செய்துவிட்டு வந்தால், பையனை விட்டு அந்தப் பெயரை வாசிக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் அடுப்புக் கரியைத் தொட்டுத் தன் விரலாலேயே ஒரு புள்ளி வைப்பாராம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில புள்ளிகளில் ரேகை தெரிகிறது. கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படி வைத்திருக்கிறார். எழுத்தறியாத ஒரு பெண் முப்பது வருடம் நடத்திய கணக்கு அது. அந்த அம்மா நோட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போயிருந்தால், நாங்கள் அந்தக் கரியை அழிப்பானால் துடைத்திருப்போம்.

ஆக, கேட்க வேண்டியவை: இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? அதற்கு முன் யாரிடம் இருந்தது? வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள்? படத்தில் இருப்பவர்கள் யார் யார், இடமிருந்து வலமாக? இதில் எழுதியிருப்பது யார் கையெழுத்து? இவற்றில் ‘வீட்டில் எங்கே’ என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றும். சாமி அறையில் இருந்த படமும் பரணில் கிடந்த படமும் ஒன்றில்லை.

பதில்களை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘தாத்தா சப்பான்காரன் சண்டைல நடந்தே வந்தாரு’ என்று சொன்னால் அப்படியே எழுதிவிட்டு, கீழே அடைப்புக்குறியில் ‘1942, பர்மாவிலிருந்து நடந்து வந்ததாக இருக்கலாம்’ என்று உங்கள் ஊகத்தைத் தனியாகக் குறியுங்கள். அவர் பேச்சும் உங்கள் ஊகமும் ஒரே வரியில் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்துப் பிரிக்க முடியாது.

இதெல்லாம் ஏறுவதற்கு ஒரு பதிவேடு வேண்டும். கம்ப்யூட்டர் அட்டவணை பிறகு போட்டுக்கொள்ளலாம். முதலில் கெட்டி அட்டை போட்ட, பக்க எண் அச்சடித்த லெட்ஜர் ஒன்று வாங்குங்கள். இதில் மட்டும் அழியாத மைப் பேனா. எழுதும் மேஜையும் தனியாக இருக்கட்டும். தேதி, கொடுத்தவர், முகவரி, என்ன பொருள், எத்தனை உருப்படி, நன்கொடையா இரவலா, வாங்கியவர் கையெழுத்து. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். ஒயிட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம்.

நன்கொடையா இரவலா என்பதற்கு வாய்ச்சொல் போதாது. ‘சும்மா வச்சுக்கோங்க தம்பி’ என்று சொன்னவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருகிறோம் என்றால் அதையும் திருப்பித் தரும் தேதியோடு எழுதுங்கள். பல வீடுகளில் மூலத்தைக் கேட்பதே தப்பு என்பது என் எண்ணம். தாத்தா படம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

கலைக்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். ஒரு குடும்பத்தின் ஆல்பம் வந்தது. கருப்பு அட்டைப் பக்கம், மூலைக்கு மூலை ஒட்டிய படங்கள், சுமார் அறுபது இருக்கும். ஆர்வக் கோளாறில் எல்லாவற்றையும் கழற்றி, கல்யாணம் ஒரு உறை, கோயில் ஒரு உறை, பள்ளி ஒரு உறை என்று பிரித்து அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் வந்து, ‘மூணாம் பக்கத்துல என் தம்பி பக்கத்துல ஒரு காலி இடம் இருக்குமே, அது ஏன்னு தெரியுமா?’ என்று கேட்டார். தம்பி வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா அந்தப் படத்தை மட்டும் உரித்து எடுத்தாராம். அந்தக் காலி இடம்தான் ஆல்பத்தின் கதை. நான் அதைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

வந்த வரிசையை அப்படியே காப்பது ஆவண வேலையின் மூத்த விதி. மூன்று டச்சு ஆவணக்காரர்கள் 1898-லேயே அதை வழிகாட்டி நூலாக எழுதிவிட்டார்கள். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. பெட்டி வந்தால் மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கை எடுக்கும் முன்னும் ஒரு படம். செல்போன் போதும். ஒரு கட்டைச் சணலால் கட்டியிருந்தால், அந்தக் கட்டுக்குள் என்னென்ன இருந்தது என்று எழுதிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். யாரோ ஒருவர் ஒரு காரணத்தோடுதான் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பார். இரண்டு வீட்டுச் சாமானை ஒரே உறையில் போடாதீர்கள், பொருள் ஒன்றேயானாலும்.

எண் போடுவது

எளிய முறை ஒன்று போதும். வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது உருப்படி. 2024.7.15 என்றால் 2024-ல் ஏழாவதாக வந்தவர் கொடுத்ததில் பதினைந்தாவது பொருள். பொருளின் வகையை எண்ணுக்குள் நுழைக்காதீர்கள். படம் என்று நினைத்தது அஞ்சலட்டையாக இருக்கும், அப்புறம் எண்ணையே மாற்ற வேண்டி வரும்.

படத்தின் பின்பக்கம் ஓரத்தில், கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, 4பி மாதிரி மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். வழுவழுப்பான பிற்கால வண்ணப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு உறையின் மேல் எழுதினால் போதும், ஆனால் படத்தை உள்ளே போடும் முன்பே எழுதிவிடுங்கள். மரச்சாமான், பித்தளைச் சாமானுக்கு வெள்ளை நூலில் அட்டை கட்டித் தொங்கவிடலாம். சிவப்பு நாடா வேண்டாம். ஈரம் பட்டால் சாயம் இறங்கும்.

கை பரபரக்கும்போது

புதிதாக வருகிறவர்களுக்குச் சுத்தம் செய்யும் ஆசை அடக்க முடியாமல் வரும். அடக்குங்கள். செல்லோ டேப் ஒட்டக் கூடாது. நாலு வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது. மரியாதை என்று நினைத்துத் தாத்தாவின் பத்திரத்தை லேமினேட் செய்துகொண்டு வருபவரிடம் கோபப்படாதீர்கள், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது வீட்டு வேலை. இங்கே அந்தக் களிம்புகூடத் தகவல்தான்.

செய்யக் கூடியது கொஞ்சம்தான். மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரமாகத் தூசி தட்டலாம். துருப்பிடித்த ஜெம் கிளிப், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இவற்றைப் பொறுமையாகக் கழற்றலாம், கழற்றியதைக் குறித்துவிடுங்கள். தாளைத் தொடச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கை நல்லது, பருத்திக் கையுறையில் விரலுக்கு உணர்வு இல்லாமல் ஓரம் கிழியும். படத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் கையுறை. டிவியில் எல்லாரும் வெள்ளைக் கையுறையோடு பழைய புத்தகம் புரட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பூச்சி வந்திருந்தால் (வெள்ளிமீன் பூச்சி, துளைபோடும் ராமபாணம், எதுவானாலும்) மருந்தடிக்காதீர்கள். நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் இருபது டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துப்போகும். ஐஸ்கிரீம் கடைக்காரர் நண்பராக இருந்தால் வேலை சுலபம். படங்களுக்கும் ஓலைக்கும் இந்த வைத்தியம் வேண்டாம்.

மழை வெள்ளத்தில் நனைந்தால் இரண்டு நாளைக்குள் பூசணம் பிடித்துவிடும். அதற்குள் விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். நிறைய இருந்தால் உறைய வைத்து நிறுத்திவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். வெயிலில் போடக் கூடாது. ஓலைச்சுவடி வந்தால் எண்ணெய் தடவுவது, கரி பூசுவது என்று யூடியூப் பார்த்து இறங்காதீர்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்திலோ சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உலோகத்துக்குச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது.

வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையிலிருந்து அரை அடியாவது மேலே, வெளிச்சுவரை ஒட்டாமல், இரும்பு அலமாரியில், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இல்லாமல். அமிலமில்லாத உறை வாங்கப் பணமில்லை என்றால், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றி வையுங்கள். நம் பாட்டிகள் ஏட்டைச் சுற்றியது அப்படித்தான். செய்தித்தாள் வெட்டுகளை மட்டும் மற்றத் தாள்களிலிருந்து பிரித்துத் தனி உறையில் போடுங்கள். அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். வாரம் ஒரு முறை கதவைத் திறந்து மூக்கால் மோந்து பாருங்கள். பூசண வாசனையைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான கருவி கிடையாது.

ஸ்கேன்

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), எழுத்துத் தாளுக்கு 300 அல்லது 400. மூலக் கோப்பு தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவத்தில், பகிர்வதற்கு ஜேபெக். ஆறுக்கு நாலு அங்குலப் படம் 600 டிபிஐயில் வண்ணத்தில் சுமார் 26 எம்பி வரும், ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி. இன்றைய ஹார்டு டிஸ்க்கில் இது ஒன்றுமே இல்லை. கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், பழுப்பும் ஒரு தகவல். பின்பக்கத்தை மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, ‘அன்புள்ள அக்காவுக்கு’ எல்லாம் அங்கேதான் இருக்கும். முகத்தை வெளுப்பாக்கும் செயலிகளைக் கிட்டேயே விடாதீர்கள். கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாகவே இருக்கட்டும். ‘தாத்தா படம் புதுசு கடைசி’ என்று வைத்தால் கடைசியில் மூன்று ‘கடைசி’ இருக்கும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். இதை யாராவது அதிகப்படி என்று சொன்னால் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சொல்லுங்கள். 1981 ஜூன் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதோடு போயின. 2005-ல் ஆரம்பித்த ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்கள் இத்தனை பிடிவாதமாக ஏற்றி வைப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

பேச்சைப் பதிவு செய்வது

ஊர் வரலாறு என்று பொருள்களை மட்டும் சேர்த்தால் பெரிய வீட்டு வரலாறுதான் சேரும். ஆல்பமும் பத்திரமும் கடிதமும் அங்கேதான் இருக்கும். காலனிப் பக்கம் போனால் ‘எங்ககிட்ட என்ன இருக்கு தம்பி, ஒரு வெள்ளத்துல எல்லாம் போச்சு’ என்பார்கள். அதைக் கேட்டு அப்படியே திரும்பிவந்துவிட்டால், உங்கள் அறையில் பாதி ஊர்தான் இருக்கும், பெயர்ப்பலகையில் மட்டும் முழு ஊர் இருக்கும். பொருள் இல்லாத இடத்தில் குரல்தான் ஆவணம். என்னைக் கேட்டால் முதல் பத்துப் பதிவை அங்கேயே எடுங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள். தொடங்கும்போது தேதி, இடம், இருவர் பெயர், சம்மதம் எல்லாம் பதிவிலேயே வரட்டும். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள், தெரியாது என்று பேச்சு நின்றுபோகும். ‘தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா?’ ‘அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?’ என்று கேளுங்கள். 1964, 1969 என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்பதும் உதவாது. அடுப்பு எந்த மூலையில் இருந்தது, தண்ணீர் எடுக்க எந்தக் கிணறு, அந்தக் கிணற்றில் யாரெல்லாம் எடுக்கலாம் என்று கேட்டால் வரலாறு தானாக வரும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு சில பேர் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். காத்திருங்கள், அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பாதீர்கள்.

எழுத்தாக்கும்போது பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். ‘இதை வெளியே போடாதே’ என்று அவர் சொன்ன பகுதியைப் பதிவேட்டில் குறித்துப் பூட்டி வைக்க வேண்டும். எத்தனை சுவையான பகுதியானாலும் சரி.

உரிமை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாள் யாருடையது என்பது ஒன்று, அதில் இருக்கும் சொல் யாருடையது என்பது வேறு. கடிதம் வந்தவருக்குத் தாள் சொந்தம். எழுதியவருக்கு வாசகம் சொந்தம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை பொதுவாக அந்த உரிமை நீடிக்கும். அவர் உயிரோடு இருந்தபோது வெளியாகாத எழுத்துக்கு, முதலில் வெளியானதிலிருந்து 60 வருடம். இணையத்தில் ஏற்றும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா எண், ஆதார் எண், நோய் விவரம் இருக்கும் தாள்களை ஏற்றவே வேண்டாம்.

சுவரில் மாட்டும்போது

மூலப் படத்தை மாட்டாதீர்கள், நல்ல அச்சுப் பிரதி எடுத்து மாட்டுங்கள். மூலத்தைத்தான் வைக்க வேண்டும் என்றால் ஒளி 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல், சில வாரம் மட்டும். படத்தின் நடு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வரட்டும். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் அரையடி இறக்குங்கள்.

குறிப்பு ஐம்பது, அறுபது சொல்லுக்குள். ‘அரிய புகைப்படம்’ என்று எழுதாதீர்கள். வரிசையாக எல்லாப் படத்துக்கும் அதையே எழுதினால் எது அரிது? கொடுத்தவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் வார்த்தையிலேயே போடுங்கள். எங்கள் மொய் நோட்டுக்கு நாங்கள் முதலில் எழுதியது ‘1958-ஆம் ஆண்டுத் திருமண மொய்ப் பதிவேடு’. யாரும் நிற்கவில்லை. ‘இந்தக் கரிப்புள்ளிகளை வைத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது’ என்று மாற்றினோம். குனிந்து புள்ளி தேட ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, பெண்கள். பழைய குடும்பப் படக் குறிப்புகளில் ஆண்களுக்குப் பெயரும் பெண்களுக்கு ‘மனைவி’யும் இருக்கும். அவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று பெரிதாகவே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, வெற்றுச் சீட்டுக் கட்டு, நூல் கட்டிய பென்சில். நூல் கட்டாவிட்டால் முதல் நாள் மத்தியானமே பென்சில் போய்விடும். சாயங்காலம் பூட்டும் முன் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதியும் எழுதியவர் யாருக்கு என்ன உறவு என்பதும் இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் அந்தப் படத்தின் எண்ணுக்குக் கீழே ஏற்றுங்கள். ஒரே முகத்துக்கு மூன்று பெயர் வரும். மூன்றையும் ஏற்றுங்கள், யார் சொன்னது என்பதோடு. கண்காட்சி முடிந்த மறுநாளே இரவல் வாங்கியதை எல்லாம் நீங்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். போகும்போது நோட்டும் பென்சிலும் பையில் இருக்கட்டும், படத்தைத் திரும்ப மாட்டும்போதுதான் பலருக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வரும்.